இடித்தவர் வேறு, என்.சி.டி. போனது எனக்கு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் காடிக்குக் காப்புறுதி எடுக்கும் முறை அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தேதி நெருங்கியதும் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் "தம்பி, ரோட்டெக்ஸ் முடியப் போகுது" என்று, சாலை வரியைத்தான் சொல்கிறேன், ஒரு வரி போடுவோம். அவர் ஒரு தொகையை அனுப்புவார். ஆன்லைனில் காசைத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தத் தொகை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. 2025-ல் என் மைவி காடிக்கு வந்த தொகைதான் கேட்க வைத்தது. முந்தின ஆண்டு 496 வெள்ளி (ரிங்கிட்) கட்டிய அதே காடிக்கு, அதே நிறுவனத்தில், 1,090 வெள்ளி. ஏதோ தப்பாகத் தட்டிவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். "இல்லக்கா, சரியாத்தான் இருக்கு. உங்க என்.சி.டி., அதான் நோ க்ளைம் டிஸ்கவுண்ட், ஜீரோ ஆயிடுச்சு. க்ளைம் பண்ணிட்டீங்களே" என்றார்.

க்ளைம் நடந்தது உண்மை. ஆனால் நான் யாரையும் இடிக்கவில்லை. சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த என் காடியைப் பின்னாலிருந்து வந்து இடித்தவர் வேறு ஒருவர். அவர் செய்த காரியத்துக்கு என் தள்ளுபடி எப்படிப் போகும் என்று ஏஜெண்டிடம் கேட்டால் அவருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். நான் தோட்ட ஆபீஸில் கிராணி. போலீஸ், பட்டறை, காப்புறுதி நிறுவனம் என்று எல்லா இடத்துக்கும் தனியாகத்தான் அலைந்தேன். அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதில் பாதியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஈப்போவுக்கு அத்தனை நடை நடந்திருக்க வேண்டாம்.

முதலில் என்.சி.டி. என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். க்ளைம் இல்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்குப் பிரிமியத்தில் கிடைக்கும் கழிவுதான் அது. தனியார் காடிக்கு அதன் படிகள் நம் நாட்டில் எந்த நிறுவனத்துக்குப் போனாலும், தக்காஃபுல் என்ற இஸ்லாமிய முறைக் காப்புறுதி என்றாலும், மாறாது. முதல் ஆண்டு ஒன்றுமில்லை. ஓர் ஆண்டு க்ளைம் இல்லாமல் ஓட்டினால் 25 விழுக்காடு, இரண்டு ஆண்டுக்கு 30, மூன்றுக்கு 38.33, நான்குக்கு 45, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 55. அதோடு சரி, இருபது ஆண்டு கீறல் இல்லாமல் ஓட்டினாலும் 55-தான். 2017 ஜூலை முதல், நம் காடியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் காப்புறுதியின் அடிப்படை விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, அதனால் அடிப்படை விலை இடத்துக்கு இடம் வேறுபடும். என்.சி.டி. படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஏறுவதுதான் படிப்படியாக. இறங்கும்போது அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 55-ல் இருப்பவர் ஒரு க்ளைம் செய்தால் 45-க்கு வரமாட்டார், அடுத்த புதுப்பிப்பில் நேராகப் பூஜ்யத்துக்குப் போய்விடுவார். பம்பர் மாற்றிய க்ளைமும் பாதிக் காடியை மாற்றிய க்ளைமும் இதில் ஒன்றுதான்.

விபத்து நடந்தது 2024-ல், மழை நாள் ஒன்றில், வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது. ஈப்போ கோலகங்சார் சாலையில் டவுனுக்குள் நுழையும் இடத்தில் விளக்கு சிவப்பு. நின்றேன். பின்னால் வந்த சாகா காடி நிற்கவில்லை. பெரிய வேகமெல்லாம் இல்லை, ஆனால் பின் கதவு உள்ளே போய், பம்பர் தொங்கி, ஒரு விளக்கு உடைந்துவிட்டது. இறங்கி வந்தவர் சின்னப் பையன். முகம் வெளுத்துப்போய், "அக்கா, போலீஸ் வேண்டாம்கா, நான் செஞ்சு தந்துடறேன்" என்றான். பாவமாகத்தான் இருந்தது, என் மகன் வயதுதான் இருக்கும். ஆனால் தோட்டத்தில் இப்படி 'செஞ்சு தரேன்' என்று போன பிறகு போனை எடுக்காமல் போனவர்களின் கதை நிறையக் கேட்டிருக்கிறேன். "தம்பி, ரிப்போர்ட் போட்டுடுவோம், உனக்கும் அதான் நல்லது" என்று சொல்லிவிட்டேன். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும், வழக்கமாகப் பாலிசியில் 7 நாள் என்று இருக்கும், மருத்துவமனையில் கிடந்தால் 30 நாள். இரண்டு காடி எண்ணும் தெரிகிற மாதிரி, சாலைக் கோடும் விளக்குக் கம்பமும் சேர்ந்து வருகிற மாதிரி, காடிகளை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுத்தேன். அந்தப் படங்கள் பிறகு பெரிய உதவியாக இருந்தன.

நான் இன்னும் யாருக்கும் போன் போடவில்லை, அதற்குள் இழுவை லோரி ஒன்று வந்து நின்றது. யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. இறங்கி வந்த ஆள் நன்றாகத் தமிழ் பேசினார். "அக்கா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, க்ளைம், ஃபாரம் எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றார். மழையில் நனைந்துகொண்டு, கை நடுங்கிக்கொண்டு நிற்கும்போது அந்த வார்த்தை தெய்வ வாக்கு மாதிரிதான் கேட்கும். காடி ஈப்போவுக்கு வெளியே ஒரு பட்டறைக்குப் போனது. என் பாலிசியிலேயே இலவச இழுவைச் சேவை இருந்தது என்பதும், அதற்கு நிறுவனத்தின் 24 மணி நேர எண் பாலிசித் தாளில் அச்சாகியிருந்தது என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. இந்த ஆளுக்கு இழுவைக் கூலி 250 வெள்ளி. அதைக் காப்புறுதியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர், காடியை எடுக்கப் போன அன்று என்னிடமே கேட்டு வாங்கினார். இப்போது அந்த 24 மணி நேர எண்ணை என் போனில் 'ஆக்சிடெண்ட்' என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். பதற்றத்தில் நிறுவனத்தின் பெயர்கூட ஞாபகத்துக்கு வராது.

போலீஸ் நிலையத்தில் நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அன்று மாலையே புகார் கொடுத்தேன். போக்குவரத்துப் பிரிவு சார்ஜன் காடியின் அடிபட்ட பக்கங்களைப் படம் எடுத்து, வாக்குமூலம் எழுதிக்கொண்டார். பையனும் வந்து தன் புகாரைக் கொடுத்தான், இடித்ததை ஒத்துக்கொண்டான். சம்மன் அவனுக்குத்தான் வரும் என்று சார்ஜன் சொன்னார். விசாரணை முடிந்ததும் முடிவுக் கடிதமும் சம்பவ இடத்தின் வரைபடமும் கிடைக்கும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மலாயில் 'கெபுத்துசான் சியாசாத்தான்' என்றும் 'ராஜா காசார்' என்றும் சொல்கிறார்களே, அவைதான். இந்தக் கடிதத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கதையும் இதில்தான் தொங்குகிறது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். ஒரு கட்டுத் தாளை நீட்டி, பேனாவால் குறுக்குப் போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துக் கேட்டார்கள். போலீஸ் முடிவுக் கடிதம் வர வேண்டாமா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் காத்திருந்தா உங்க காடி இங்கேயே கெடக்கும்கா. நாங்க ஓ.டி. போட்டுடறோம், சீக்கிரம் அப்ரூவ் ஆகும்" என்றார்கள். ஓ.டி. என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "உங்க இன்சூரன்ஸ் வழியா செய்யிறது" என்று மட்டும் பதில். பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டெழுத்தால் என் 55 விழுக்காடு போய்விடும் என்பதை அங்கிருந்த ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவர்களுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. காடி சீக்கிரம் வெளியே போக வேண்டும், பில் சீக்கிரம் பாஸாக வேண்டும். அடுத்த ஆண்டு நான் எவ்வளவு கட்டப்போகிறேன் என்பது அவர்கள் கணக்கில் வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அடிபட்ட காடிக்குப் பொதுவாக மூன்று வழிகளில் க்ளைம் செய்யலாம். முதலாவது ஓ.டி., அதாவது சொந்தச் சேதம். உங்கள் பாலிசி, உங்கள் நிறுவனம், உங்கள் என்.சி.டி. பூஜ்யம். நீங்களே போய்க் கால்வாயில் இறக்கினாலும் மரத்தில் இடித்தாலும் இதுதான் வழி. இரண்டாவது ஓ.டி. கே.எஃப்.கே., நாக் ஃபார் நாக் என்பார்கள். இரண்டு காடி மோதி, தப்பு எதிராளி மேல் என்று போலீஸ் முடிவு இருந்து, உங்களிடம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியும் இருந்தால், உங்கள் சொந்த நிறுவனமே செலவைக் கொடுக்கும். நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதில் உங்கள் என்.சி.டி. தொடப்படாது. மூன்றாவது, எதிராளியின் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கும் மூன்றாம் தரப்பு க்ளைம். அதிலும் உங்கள் என்.சி.டி. பத்திரமாக இருக்கும், ஆனால் இழுபறி அதிகம், கேட்ட தொகை அப்படியே வரும் என்ற நிச்சயமும் இல்லை. எனக்குப் பொருந்தியது இரண்டாவது வழி. பட்டறை போட்டது முதலாவது. இரண்டுக்கும் போவது ஒரே நிறுவனம், பட்டறைக்கு வருவது அதே காசு. வித்தியாசம் போலீஸ் முடிவுக் கடிதத்துக்குக் காத்திருப்பதில்தான்.

அதோடு இன்னொரு அடியும் விழுந்தது. காடியை எடுக்கப் போனபோது 540 வெள்ளி கட்டச் சொன்னார்கள். 'பெட்டர்மெண்ட்' என்றார்கள். பழைய காடிக்குப் புத்தம் புது பாகம் போடும்போது காடியின் மதிப்பு கூடுகிறது, அந்தக் கூடுதலை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஐந்து வயது ஆகாத காடிக்கு இது இல்லை. ஐந்து வயதுக்கு 15 விழுக்காடு, ஆறுக்கு 20, ஏழுக்கு 25, எட்டுக்கு 30, ஒன்பதுக்கு 35, பத்தும் அதற்கு மேலும் 40. என் மைவி 2016-ல் பதிந்தது, அப்போது எட்டு வயது. 1,800 வெள்ளிப் புதுப் பாகங்களுக்கு 30 விழுக்காடு, 540. கணக்கு சரிதான், ஏமாற்று இல்லை. பாகங்களுக்கு மட்டும்தான் அது, கூலிக்கும் சாயத்துக்கும் இல்லை என்பதையும் பில்லில் சரிபார்த்துக்கொண்டேன். ஆனால் இப்படி ஒன்று வரும் என்று வேலை தொடங்கும் முன் சொல்லியிருக்கலாம். சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்த நேரம், கூட்டுறவுக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெட்டர்மெண்ட் விலக்கு என்று கூடுதல் காசு கட்டி எடுக்கும் பிரிவு பாலிசியில் உண்டு. காடிக்கு ஐந்து வயது ஆகிவிட்டதென்றால் அடுத்த புதுப்பிப்பில் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

காடி பட்டறையில் கிடந்த நாட்களில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வர எனக்கு வழி இல்லை. கிராப் எங்கள் வாசல்வரைக்கும் வராது. பக்கத்து வீட்டு அண்ணனின் வேனில் போய்வந்து, எண்ணெய்க்குக் காசு கொடுத்தேன். சில நாள் லீவும் போட்டேன். இதற்கும் ஒரு வழி இருக்கிறது என்பது பிறகுதான் காதில் விழுந்தது. கார்ட் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். சேதத்தை மதிப்பிட வரும் அட்ஜஸ்டர் காடியைப் பார்த்துவிட்டு, பழுதுபார்க்க இத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிடுவார். அந்த நாட்களுக்கு, காடி இல்லாமல் பட்ட கஷ்டத்துக்கு, இடித்தவரின் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். காடி நிஜத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பதை வைத்து இல்லை, அட்ஜஸ்டர் எழுதிய நாட்களை வைத்துத்தான் கணக்கு. கேட்டால்தான் கிடைக்கும், யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் விஷயம் முடிந்தது என்றுதான் இருந்தேன். அடுத்த ஆண்டு அந்த 1,090 வெள்ளி வந்தபோதுதான் முடியவில்லை என்று தெரிந்தது. வந்த கோபத்தில் முதலில் தோன்றியது, வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்பதுதான். ஆபீஸிலும் அதைத்தான் சொன்னார்கள், "புது கம்பெனிக்கு எப்படித் தெரியும்?" தெரியும். எல்லா நிறுவனங்களும் ஐ.எஸ்.எம். என்ற அமைப்பின் ஒரே தரவுத்தளத்தில்தான் என்.சி.டி.யைச் சரிபார்க்கின்றன. நாமும் பார்க்கலாம், அவர்களின் மைகார்இன்ஃபோ தளத்தில் காடி எண்ணும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் போட்டால் வந்துவிடும், காசு இல்லை. நான் போட்டுப் பார்த்தேன். திரையில் 0 என்று இருந்தது. தப்புச் செய்யாமல் தண்டனை வாங்கியது போல நெஞ்சை அடைத்தது, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ரோட்டெக்ஸ் தேதி முடிகிற நேரம். காப்புறுதி இல்லாமல் ஒரு நாள் ஓட்டினாலும் சட்டப்படி குற்றம், அதில் விளையாட முடியாது. அதனால் 1,090-ஐக் கட்டிவிட்டு, அதன் பிறகு சண்டையைத் தொடங்கினேன். யாருக்காவது இதே நிலை வந்தால் இதையே சொல்வேன்: சண்டை முடியட்டும் என்று புதுப்பிக்காமல் இருக்காதீர்கள். என்.சி.டி. திரும்பக் கிடைத்தால் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஈப்போ கிளையின் முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "புவான், ரெக்கார்டில் ஓ.டி. க்ளைம் என்றுதான் இருக்கிறது" என்று மலாயில் சொல்லி முடித்துக்கொண்டார். தப்பு என் மேல் இல்லையே என்றால், "அது க்ளைமில் இல்லை" என்கிறார். அதுவும் நியாயம்தான், பட்டறை அனுப்பிய கட்டில் போலீஸ் முடிவே இல்லை. அப்போதுதான் சார்ஜன் சொன்ன கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. போலீஸ் நிலையத்துக்குப் போனேன். என் கடிதம் எப்போதோ தயாராகிவிட்டது, எடுக்க ஆள் வராமல் கோப்பில் இருந்திருக்கிறது. கட்டணத்தைக் கட்டி அதையும், வரைபடத்தையும், அந்தப் பையனின் புகார் நகலையும் சேர்த்து வாங்கினேன். அவன் புகார் நகலில் அவன் காடி எண் இருந்ததால் எந்த நிறுவனத்தில் காப்புறுதி எடுத்திருக்கிறான் என்பதையும் கண்டுபிடிக்க முடிந்தது. எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து, ஒரே மின்னஞ்சலில், 'எதிராளியின் தவறு என்று போலீஸ் முடிவு செய்திருப்பதால் இந்த க்ளைமை கே.எஃப்.கே. என்று மாற்றி என் என்.சி.டி. 55 விழுக்காட்டைத் திரும்பத் தரவும், கூடுதலாகக் கட்டிய தொகையைத் திருப்பவும்' என்று எழுதினேன். கிளைக்கு மட்டும் அனுப்பவில்லை, தலைமை அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்கும் அனுப்பினேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அப்படி ஒரு பிரிவு உண்டு. போனில் பேசுவதை விட இதுதான் மேல். போனில் பேசியவர் அடுத்த முறை இருக்கமாட்டார், இருந்தாலும் அப்படிச் சொல்லவில்லை என்பார்.

சில வாரம் பதில் இல்லை. பிறகு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. நான் மறுபடி எழுதியபோது, உங்கள் இறுதி முடிவை எழுத்தில் கொடுங்கள், சரியில்லை என்றால் எஃப்.எம்.ஓ.எஸ்.-க்குப் போகிறேன் என்று சேர்த்துக்கொண்டேன். முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததே, 2025 ஜனவரியிலிருந்து அதன் வேலையை இதுதான் செய்கிறது. நிதி நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்ப்பது அதன் பொறுப்பு, நமக்குக் காசு செலவில்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும், அவர்கள் இறுதி முடிவு கொடுத்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். அந்த வரியைப் பார்த்துப் பயந்தார்களோ, இல்லை கோப்பு அப்போதுதான் சரியான மேசைக்குப் போனதோ, பேசும் தொனி மாறியது. ஓர் அதிகாரி தானே போன் போட்டு, காடி படங்கள் இருக்கிறதா என்று கேட்டார். விளக்குக் கம்பத்தோடு எடுத்தவற்றை அனுப்பினேன்.

மாற்றிக் கொடுத்தார்கள். என்.சி.டி. 55-க்குத் திரும்பியது, 594 வெள்ளி என் கணக்கில் விழுந்தது. மைகார்இன்ஃபோவில் போய் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். 594 எப்படி வந்தது என்றால், என் அடிப்படைப் பிரிமியம் ஏறக்குறைய 1,000 வெள்ளி, அதில் 55 விழுக்காடு 550, அதற்கு 8 விழுக்காடு சேவை வரி 44. இழுவைக்குக் கொடுத்த 250-உம் பெட்டர்மெண்ட் 540-உம் போனது போனதுதான். அவற்றை அந்தப் பையனிடம் கேட்டு வாங்க மனசு வரவில்லை. கார்ட் இழப்பீட்டை மட்டும் அவன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

594 வெள்ளிக்காகவா இத்தனை பாடு என்று என் கணவரே போனில் கேட்டார். அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். என்.சி.டி. போனால் ஓர் ஆண்டோடு முடிவதில்லை. அடிப்படை 1,000 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். க்ளைம் இல்லாதிருந்தால் ஒவ்வோர் ஆண்டும் 450 கட்டுவேன். பூஜ்யத்துக்குப் போய்விட்டால் முதல் ஆண்டு 1,000, அடுத்தது 750, பிறகு 700, பிறகு 616.70, பிறகு 550, ஆறாவது புதுப்பிப்பில்தான் மறுபடி 450. கூடுதலாகப் போவதை மட்டும் கூட்டினால் 550, 300, 250, 166.70, 100, ஆக மொத்தம் 1,366.70 வெள்ளி. வரியோடு 1,476. அதுவும் இடையில் வேறு க்ளைம் எதுவும் வராமல் இருந்தால். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இந்தக் கணக்கு விபத்தில் தப்பு நம் மேல் இருக்கும்போதுதான் இன்னும் அதிகம் உதவும். உதாரணமாக, ரிவர்ஸ் எடுக்கும்போது வீட்டுத் தூணில் இடித்து பம்பர் போய்விட்டது, பட்டறையில் 900 வெள்ளி சொல்கிறார்கள் என்று வைப்போம். 'இன்சூரன்ஸ் இருக்கே, எதுக்குக் கைக்காசு?' என்றுதான் தோன்றும். 55-ல் இருப்பவர் அந்த 900-ஐ க்ளைம் செய்தால், பெட்டர்மெண்டும் கட்டி, ஐந்து ஆண்டில் 1,476 வெள்ளியும் கூடுதலாகக் கட்டுவார். கைக்காசு போடுவதே லாபம். அதே சமயம், என்.சி.டி.யைக் காப்பாற்றுகிறேன் என்று 5,000 வெள்ளிச் சேதத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வதும் வேண்டாத வீறாப்பு, அதற்குத்தான் இத்தனை நாள் பிரிமியம் கட்டினோம். உங்கள் அடிப்படைப் பிரிமியத்தையும் இப்போதைய படியையும் வைத்து இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொண்டால், பட்டறைக்காரர் பேச்சில் மயங்காமல் அங்கேயே முடிவு எடுக்கலாம்.

கண்ணாடி மட்டும் தனி. தோட்டப் பாதையில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போனால் கல் எப்போது தெறிக்கும் என்று சொல்ல முடியாது. முன் கண்ணாடிக்குக் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் அந்த க்ளைம் என்.சி.டி.யைத் தொடாது. வழக்கமாகக் கண்ணாடி மதிப்பில் 15 விழுக்காடு, 1,000 வெள்ளிக் கண்ணாடிக்கு 150 வெள்ளி ஆகும். ஒரு முறை க்ளைம் செய்தால் அந்தக் காப்பு முடிந்துவிடும், மறுபடி காசு கட்டித்தான் சேர்க்க வேண்டும். அந்தக் காப்பு இல்லாமல் உடைந்த கண்ணாடிக்குச் சொந்தச் சேதம் என்று போனால் முழு என்.சி.டி.யும் போய்விடும். என்.சி.டி.க்கே காப்பு தரும் 'என்.சி.டி. ரிலீஃப்' என்ற பிரிவும் சில நிறுவனங்களில் இருக்கிறது. க்ளைம் செய்து கழிவு போனால், போன தொகையைக் கொடுப்பார்கள். வருங்காலப் படிகளையும் அது காப்பாற்றும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதெல்லாம் நடந்த பிறகு தோட்டத்தில் என்னை ஏதோ காப்புறுதி ஆபீஸர் மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ரோட்டெக்ஸ் மாதம் வந்தால் ஆபீஸ் ஜன்னலில் ஒருவர் வந்து நிற்பார். பழைய காடியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கினால் என்.சி.டி. காடியோடு போய்விடுமா என்று கேட்டார் ஒரு தண்டல். போகாது, அது ஆளுக்குரியது. அவர் பெயரில் உள்ள அடுத்த காடிக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு காடிக்குப் போட முடியாது, இரண்டாவது காடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். இன்னொருவர் மகனுக்கு வாங்கிய காடியைத் தன் பெயரில் வைத்திருக்கிறார், தன் 55-ஐ அதற்கு மாற்றிவிட்டால் பிரிமியம் மிச்சமாகுமே என்று. மிச்சம்தான். ஆனால் மகன் எங்காவது இடித்தால் போவது அப்பாவின் 55. மகன் பெயர் பாலிசியில் ஓட்டுநராக இல்லை என்றாலோ, அவன் 21 வயதுக்குக் கீழ் என்றாலோ, புதிதாக எடுத்தவர்களுக்குரிய 'பி' லைசென்ஸ் என்றாலோ, சேதத்தில் முதல் 400 வெள்ளி அவர் கையிலிருந்து போகும். மகன் இடித்த காடிக்காரர் மூன்றாம் தரப்பு க்ளைம் கேட்டாலும் அப்பாவுடைய என்.சி.டி. போகும், அவர் தன் காடிக்கு ஒரு காசும் கேட்காமல் இருந்தாலும் சரி. சின்ன இடிதான், ரோட்டிலேயே பேசி முடித்துவிட்டோம் என்று நிறுவனத்துக்குச் சொல்லாமல் விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

போன வாரம் வந்தவர் வெளிக்காட்டு வேலைக்கு மோட்டாரில் போகிற ஒரு தம்பி. முதல் காடி வாங்கப் போகிறார். மோட்டாரில் சேர்த்து வைத்திருக்கும் என்.சி.டி.யைக் காடிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். மோட்டாருக்குப் படிகளே வேறு, 15, 20, 25 என்று அங்கேயே நின்றுவிடும், காடிக்கு அது ஏறாது. பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றேன். "அப்ப முழுசாவாக்கா கட்டணும்?" என்றார். முதல் ஆண்டு முழுசாகத்தான். மூன்று நான்கு நிறுவனத்தில் அடிப்படை விலை கேட்டுப் பார்க்கச் சொல்லி, கண்ணாடிக் காப்பை மட்டும் விடாதே என்று அனுப்பினேன்.